கோதாவிலிருந்து கூண்டுக்கு!

தகப்பனார் காட்டிய வழியில் குஸ்தி பழகினார். டில்லியில் தங்கம் வென்றார். 28 வயதில் வேறொரு சண்டைக்கு மாறினார். சிங்கப்பூரில் உலகப் பட்டம் சூடினார். அர்ஜன் சிங் புல்லர் என்ற பயில்வானின் கதை இது.

2021-ம் ஆண்டு மே மாதம் 15-ந்தேதி.

சிங்கப்பூரில், கம்பி வலை அடைத்த ஒரு வட்டக் கூண்டுக்குள் இரண்டு மலைகள் எதிரெதிரே நின்றன. ஒருவர் பிராண்டன் வேரா. பிலிப்பைன்ஸ் வம்சத்தில் வந்த அமெரிக்கர். வயது 43. ‘ஒன் சாம்பியன்ஷிப்’ என்ற ஆசியாவின் பெரிய சண்டை நிறுவனத்தில், கனத்த எடைப் பட்டத்தை 2015-ம் ஆண்டு டிசம்பர் முதல் அவர் ஒருவரே வைத்திருந்தார். ஐந்து வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்டத்தை வேறு யாரும் தொட்டதில்லை.

எதிரே நின்றவர் அர்ஜன் சிங் புல்லர். கனடாவில் பிறந்த சீக்கியர். வயது 35. பழைய ஒலிம்பிக் மல்யுத்த வீரர்.

இரண்டாவது சுற்றில் 4 நிமிஷம் 27 வினாடி ஆனபோது நடுவர் பாய்ந்து வந்து குறுக்கே விழுந்தார். கீழே கிடந்தவர் வேரா; மேலே இருந்தவர் புல்லர். பெரிய கலப்புச் சண்டை நிறுவனம் ஒன்றின் உலகப் பட்டத்தை இந்திய வம்சத்தில் வந்த ஒருவர் வென்றது அதுவே முதல் தடவை.

சரி, சிங்கப்பூரில் ஒரு பஞ்சாபி ஜெயித்தால் மண்டைக்காட்டுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்திருக்கிறது! கடற்கரை மணலில் கபடி ஆடிவிட்டு உட்காரும் நம் பையன்களின் கையில் இன்று செல்பேசி இருக்கிறது. அதில் இந்தக் கூண்டுச் சண்டை ஓடுகிறது. கரமடி இழுத்துத் திரண்ட தோளும், மணலில் ஓடி உரமேறிய காலும் உள்ளவன், “நாமும் போனால் என்ன?” என்று நினைக்கிறான். வீட்டுப் பெரியவரோ, “எலே மக்கா, இதுல சோறு கிடைக்குமாலே?” என்று கேட்கிறார்.

இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் புல்லரின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

அது என்ன சண்டை?

தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய குஸ்தியைப் பற்றி நம் பெரியவர்கள் இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள். இது அந்தக் குஸ்தி அல்ல. குத்துச் சண்டையும் அல்ல. இரண்டும் உண்டு, உதையும் உண்டு, கை கால்களைப் பூட்டி முறுக்குவதும் உண்டு, கழுத்தை இறுக்குவதும் உண்டு. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘எம்.எம்.ஏ.’ என்கிறார்கள். தமிழில் கலப்புச் சண்டை என்று சொல்லலாம்.

எல்லாம் உண்டு என்றால் சட்டமே இல்லை என்று பொருளல்ல. கண்ணைக் குத்தக்கூடாது. கடிக்கக்கூடாது. அடிவயிற்றுக்குக் கீழே தாக்கக்கூடாது. கையில் விரல்கள் வெளியே தெரியும் மெல்லிய உறை. ஒரு சுற்றுக்கு 5 நிமிஷம். சாதாரணப் போட்டிக்கு 3 சுற்று. பட்டப் போட்டிக்கு 5 சுற்று. வலி தாங்க முடியாதவன் எதிரியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் போதும், சண்டை அந்தக் கணமே நின்றுவிடும். தட்டாமல் கிடப்பவனை நடுவர் காப்பாற்றுவார். எல்லாச் சுற்றும் முடிந்துவிட்டால் நீதிபதிகள் தீர்ப்புச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் டென்வர் நகரில் 1993-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி ‘யு.எப்.சி.’ என்ற நிறுவனம் தன் முதல் போட்டியை நடத்தியது. எந்தக் கலை பெரிது என்று பார்த்துவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. ஆஜானுபாகுவான குத்துச் சண்டைக்காரரும் உதைச் சண்டைக்காரரும் வந்திருந்தார்கள். ஜெயித்தது யார் தெரியுமா? சுமார் 80 கிலோ எடையுள்ள ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில் நாட்டவர்! ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரை ஒரே இரவில் தரைக்கு இழுத்துப் பணிய வைத்தார்.

எவ்வளவு பலமாகக் குத்தத் தெரிந்தவனாக இருந்தாலும், தரையில் மல்லாந்து கிடக்கும்போது அவன் குத்துக்குப் பாதி பலம்கூட இல்லை. உலகம் அன்று கற்றுக்கொண்ட பாடம் அது. அதன் பிறகு மல்யுத்த வீரர்களின் காலம் வந்தது. சண்டை நின்றபடி நடக்கவேண்டுமா, தரையில் நடக்கவேண்டுமா என்று தீர்மானிக்கிற சக்தி அவர்கள் கையில் இருந்தது. 2008-ம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வென்ற ஹென்றி செகுடோ, பிற்பாடு யு.எப்.சி.யில் இரண்டு எடைகளில் பட்டம் பெற்றார். 2004-ம் ஆண்டு ஒலிம்பிக் மல்லரான டேனியல் கார்மியரும் அப்படியே இரண்டு எடைகளில் பட்டம் பெற்றார்.

புல்லரும் அந்த வரிசையில் வந்தவர்தான்.

பஞ்சாபின் மண், கனடாவின் மெத்தை

கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா என்ற மாகாணம் இருக்கிறது. பஞ்சாபிலிருந்து போன குடும்பங்கள் அங்கே ஏராளம். போனவர்கள் கோதுமை ரொட்டியையும் குருத்வாராவையும் கொண்டுபோனதுபோல் குஸ்தியையும் கொண்டுபோனார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் 1986-ம் ஆண்டு மே மாதம் பிறந்தவர் அர்ஜன். வளர்ந்தது வான்கூவரை அடுத்த ரிச்மண்டில். தகப்பனார் குஸ்தி வீரர். பிள்ளையைச் சிறு வயதிலேயே களத்தில் இறக்கிவிட்டார்.

பஞ்சாபில் குஸ்தி மண்ணில் நடக்கும். மண்ணைக் கிளறிப் பதப்படுத்தி, அதில் புரண்டு பழகுவார்கள். கனடாவில் ரப்பர் மெத்தை. இடம் மாறினாலும் கலை ஒன்றுதான். எதிரியின் முதுகை மேலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். தன் முதுகு தரையில் படாமல் காக்க வேண்டும்.

சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கல்லூரிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்தை வென்றார் புல்லர். 2007-ம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த பான் அமெரிக்கப் போட்டிகளில் வெண்கலம் கிடைத்தது. பிறகு 120 கிலோ பிரிவில் கனடாவின் தேசியச் சாம்பியனாகப் பல ஆண்டுகள் விளங்கினார்.

டில்லியில் தங்கம்

2010-ம் ஆண்டு அக்டோபர் மாதம். டில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள். இந்திய மல்லர்கள் தங்கத்துக்கு மேல் தங்கமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கீதா போகட், காமன்வெல்த் போட்டியில் மல்யுத்தத் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று பெயரெடுத்ததும் அங்கேதான்.

120 கிலோ பிரிவின் இறுதிப் போட்டி வந்தது. இந்தியாவின் சார்பில் ஜோகிந்தர் குமார். அவரை எதிர்த்து நின்றவர், கனடா நாட்டுச் சட்டை போட்ட புல்லர்.

இதைவிட விசித்திரமான சங்கடம் வேண்டுமா? பெற்றோர் பிறந்த தேசத்தின் தலைநகரில், அந்தத் தேசத்து வீரரையே வீழ்த்த வேண்டும். புல்லர் தயங்கவில்லை. தங்கம் கனடாவுக்குப் போயிற்று, ஜோகிந்தருக்கு வெள்ளி. மல்லனுக்குக் களத்தில் உறவு கிடையாது. வெளியே வந்தபின்தான் உறவு.

இரண்டு வருஷம் கழித்து, 2012-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக். மல்யுத்தத்தில் கனடாவுக்காக ஒலிம்பிக் சென்ற முதல் இந்திய வம்சாவளி வீரர் என்ற பெருமை புல்லருக்குக் கிடைத்தது. பதக்கம் கிடைக்கவில்லை.

அப்போது அவருக்கு 26 வயது. அடுத்த ஒலிம்பிக்குக்கு நாலு வருஷம் காத்திருக்கலாம், பயிற்சியாளராகி உட்கார்ந்துவிடலாம். அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்.

28 வயதில் மறுபடி அரிச்சுவடி

2014-ம் ஆண்டு, 28 வயதில், புல்லர் கலப்புச் சண்டையில் முதல் தடவையாகக் களம் இறங்கினார். ஒலிம்பிக் வீரர் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த மாதிரி!

குஸ்தி தெரிந்தவனுக்குக் குத்தைக் கற்றுக்கொடுத்தால் போதாதா என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. கற்றுக்கொள்வதைவிட மறப்பதுதான் கஷ்டம்.

மல்லன் நிற்கும் நிலையைப் பாருங்கள். இடுப்பை வளைத்து, தலையை முன்னே நீட்டி, தாழ்ந்து நிற்பான். எதிரியின் காலைப் பிடிக்க அதுதான் வசதி. ஆனால் கூண்டுக்குள் அப்படித் தலையை நீட்டினால் எதிரியின் முழங்கால் முகத்தில் வந்து இறங்கும்.

மல்லன் விழுந்தால் என்ன செய்வான்? உடனே குப்புறப் புரண்டுகொள்வான். இரண்டு தோளும் தரையில் பட்டால் தோல்வி அல்லவா? பத்து வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம் அது. கூண்டுக்குள் குப்புறப் புரண்டால் எதிரி முதுகில் ஏறிக் கழுத்தில் கையைப் போட்டுவிடுவான். பத்து வினாடியில் கதை முடிந்துவிடும்.

மூச்சுக் கணக்கும் வேறு. ஒலிம்பிக் மல்யுத்தப் போட்டி 6 நிமிஷத்தில் முடிந்துவிடும். இங்கே 15 நிமிஷம், பட்டப் போட்டியானால் 25 நிமிஷம். 120 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு, குத்தும் வாங்கிக்கொண்டு அவ்வளவு நேரம் நிற்பது சாமான்யமா?

புல்லர் பொறுமையாகக் கற்றார். கலிபோர்னியாவில் உள்ள அமெரிக்கன் கிக் பாக்சிங் அகாடமிக்குப் போனார். கார்மியர் போன்ற மல்லர்கள் சாம்பியன்களாக உருவான கூடம் அது. சொந்த மாகாணத்தில் சிறிய மேடைகளில் சண்டையிட்டு, அங்கே கனத்த எடைப் பட்டத்தையும் பெற்றார். ஆறு போட்டிகள், ஆறிலும் வெற்றி. 2017-ம் ஆண்டு யு.எப்.சி. கதவு திறந்தது. செப்டம்பர் மாதம் 9-ந்தேதி கனடாவில் எட்மண்டன் நகரில் லூயிஸ் ஹென்ரிக்கை நீதிபதிகள் தீர்ப்பில் வென்றார்.

தலைப்பாகை ஏறிய நாள்

2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ந்தேதி புல்லரின் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். நல்லதும் கெட்டதும் ஒரே நாளில் வந்தன.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் போட்டி. கூண்டை நோக்கி நடந்து வரும்போது சீக்கியத் தலைப்பாகை அணிந்துகொள்ள அனுமதி கேட்டிருந்தார் புல்லர். யு.எப்.சி. நிறுவனம் அனுமதித்தது. அதற்கு முன் அந்த மேடைக்குத் தலைப்பாகையுடன் நடந்து வந்தவர் யாரும் இல்லை. வெளிநாட்டில் தலைப்பாகைக்காகக் கேலிக்கும் அடிக்கும் ஆளான சீக்கியக் குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தலைப்பாகை கோடிக்கணக்கானவர் பார்க்கும் மேடையில் ஏறியது.

தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். எதிரி போலந்து நாட்டு ஆடம் வீசோரெக். இரண்டாவது சுற்றில், எதிரியைக் கீழே போட்டு மேலே இருந்தார் புல்லர். குஸ்தியாக இருந்தால் வெற்றி அவர் பக்கம் என்று சொல்லலாம். ஆனால் மல்லாந்து கிடந்த வீசோரெக் சும்மா இருக்கவில்லை. தன் காலைப் புல்லரின் தோளுக்கு மேல் கொண்டுவந்து, கையைச் சிக்கவைத்து முறுக்கினார். ‘ஓமோபிளாட்டா’ என்ற அபூர்வமான பூட்டு அது. யு.எப்.சி. வரலாற்றில் அந்தப் பூட்டினால் முடிந்த போட்டி அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான்.

புல்லர் தட்டினார். அவருடைய முதல் தோல்வி.

குஸ்தியில் முதுகு தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. கூண்டிலோ முதுகு தரையில் பட்ட பிறகுதான் சிலருக்கு ஆட்டமே ஆரம்பமாகிறது! இந்த வித்தியாசத்தைப் புல்லர் தோளின் வலியால் கற்றுக்கொண்டார். மேலே இருப்பவன் ஜெயிக்கிறான் என்ற எண்ணத்தோடு கூண்டுக்குள் போகக்கூடாது.

அதற்குப் பின் யு.எப்.சி.யில் இரண்டு போட்டிகள். இரண்டிலும் வெற்றி. நான்கில் மூன்று வெற்றி என்ற கணக்கோடு 2019-ம் ஆண்டு அமெரிக்க மேடையை விட்டு ஆசியாவுக்கு வந்தார்.

கதை தூக்கிய வீரர்

ஒன் சாம்பியன்ஷிப்பின் தலைமை இடம் சிங்கப்பூர். புல்லர் அங்கே சேர்ந்தபின் ஒரு புது அடையாளம் பிடித்தார். பயில்வான்களின் குலதெய்வம் அனுமார் அல்லவா? அவர் கையில் உள்ள கதையைப் போல் ஒரு கதையைத் தோளில் தாங்கி மேடைக்கு வந்தார்.

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ந்தேதி டோக்கியோவில் இத்தாலியரான மவ்ரோ செரில்லியை எதிர்த்தார். மூன்று சுற்றும் போய், தீர்ப்பில்தான் ஜெயித்தார். அதே செரில்லியை முந்திய வருஷம் வேரா ஒரு நிமிஷத்தை ஒட்டிய நேரத்தில் வீழ்த்தியிருந்தார். கணக்குப் பார்த்தவர்கள் வேராவின் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

வேராவுடன் மோதும் போட்டி 2020-ம் ஆண்டு மணிலாவில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்தது, போட்டி தள்ளிப்போயிற்று. டோக்கியோவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 19 மாதம் ஒரு சண்டையும் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தார்.

கடைசியில் நாள் குறித்தார்கள். அன்றைய போட்டிகளுக்கு வைத்த பெயர் ‘தங்கல்’. குஸ்திப் போட்டிக்கு வட நாட்டில் வழங்கும் பெயர் அது.

எல்லோரும் எதிர்பார்த்தது, மணி அடித்ததும் புல்லர் காலைப் பிடிக்கப் பாய்வார் என்று. அவர் பாயவில்லை. நின்றபடி இடக்கைக் குத்தை நீட்டி நீட்டி அளந்தார், வலக்கையை வீசினார். வேராவுக்கு மூச்சு வாங்கியது. குத்துக்குத் தயாராக வேரா கையை உயர்த்தினால் கால் திறந்து கிடக்கும். காலைக் காக்கக் குனிந்தால் முகத்தில் குத்து விழும். இரண்டாவது சுற்றில் புல்லர் அவரைக் கீழே கொண்டுவந்தார். மேலிருந்து குத்துகள் மழையாக விழுந்தன. நடுவர் நிறுத்தினார்.

ஏழு வருஷம் குத்துப் பழகியது எதற்கு என்பது அன்று தெரிந்தது. பிள்ளைப் பிராயத்தில் கற்ற பிடி வேலை செய்ய, நடு வயதில் கற்ற குத்து வழி திறந்துவிட்டது.

அன்றுவரை 12 போட்டிகள், 11 வெற்றி, ஒரு தோல்வி. புல்லர் உலகச் சாம்பியன்!

பட்டம் இருந்தது, சண்டை இல்லை

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் “சோறு கிடைக்குமா?” என்று கேட்ட பெரியவருக்கு இனிமேல்தான் பதில் வருகிறது.

பட்டம் வென்ற புல்லர் அடுத்த 25 மாதம் சண்டையே போடவில்லை. ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு காயம் வந்தது. குறித்த போட்டிகள் தள்ளிப்போயின. 2022-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நிறுவனத்தார் இடைக்காலப் பட்டம் ஒன்றை உண்டாக்கினார்கள். அதை வென்றவர் ரஷியாவின் அனடோலி மாலிகின். அவரும் மல்யுத்தத்தில் வளர்ந்தவர்.

சண்டைத் தொழிலின் கணக்கு மாதச் சம்பளக் கணக்கல்ல. பெரும்பாலும் களம் இறங்கினால் ஒரு தொகை. ஜெயித்தால் மேற்கொண்டு ஒரு தொகை. களம் இறங்காத மாதத்துக்கு வரவு கிடையாது. ஆனால் பயிற்சியாளருக்கும், கூடத்துக்கும், வைத்தியருக்கும் செலவு உண்டு. நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வள்ளம் கடலுக்குப் போகாத நாளில் அடுப்பின் நிலைமை என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் 23-ந்தேதி பாங்காக்கில் லும்பினி அரங்கில் இரண்டு சாம்பியன்களும் மோதினார்கள். மூன்றாவது சுற்றில் நடுவர் நிறுத்தினார். பட்டம் மாலிகின் கைக்குப் போயிற்று. மல்லனை வீழ்த்தியவனும் மல்லனே!

2024-ம் ஆண்டு மார்ச் மாதம் 1-ந்தேதி கத்தார் நாட்டில் ஈரானின் அமிர் அலியக்பாரியை எதிர்த்தார். அவர் 2010-ம் ஆண்டு கிரேக்க-ரோமானிய மல்யுத்தத்தில் உலகச் சாம்பியனாக இருந்தவர். பிடிக்கப் பிடி சமமாகிவிட்டது. முன்வந்து போரிடவில்லை என்று நடுவர் எச்சரித்தார். கடைசியில் புல்லரைப் போட்டியிலிருந்தே விலக்கிவிட்டார். அப்போது அவருக்கு 37 வயது.

தங்கம் வென்ற டில்லியிலிருந்து பட்டம் வென்ற சிங்கப்பூர் வரை பத்தரை வருஷம். பட்டம் கையில் இருந்தது இரண்டு வருஷமும் ஒரு மாதமும். அதிலும் அதைக் காத்து ஜெயித்த போட்டி ஒன்றுகூட இல்லை. இந்தத் தொழிலில் உச்சிக்கு ஏறியவரின் கணக்கே இது. ஏறாதவர்களின் கணக்கைச் சொல்ல வேண்டுமா?

அதே நாள், இன்னொரு பயில்வான்

புல்லர் ஜெயித்த அதே சிங்கப்பூர் போட்டி நாளில் இன்னொரு குஸ்திப் பிள்ளையும் களம் இறங்கினார். அவர் ரிது போகட். அரியானாவின் மகாவீர் சிங் போகட்டின் மகள். டில்லியில் தங்கம் வென்ற கீதாவின் தங்கை. அந்தக் குடும்பத்தின் கதைதான் 2016-ம் ஆண்டு ‘தங்கல்’ என்ற இந்திப் படமாக வந்தது.

ரிதுவும் சாதாரண வீராங்கனை அல்ல. 2016-ம் ஆண்டு காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கம்; 2017-ம் ஆண்டு 23 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி. ஒலிம்பிக் கனவு காண வேண்டிய வயதில், 2019-ம் ஆண்டு கூண்டுக்கு வந்தார். பீஜிங்கில் முதல் போட்டியை முதல் சுற்றிலேயே முடித்தார்.

புல்லர் ஜெயித்த நாளில் ரிது மயிரிழையில் தோற்றார். சளைக்காமல் அதே வருஷம் டிசம்பரில் பெண்களுக்கான பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுவரை போனார். அங்கே தாய்லாந்தின் ஸ்டாம்ப், கையைப் பூட்டி அவரைத் தட்ட வைத்துவிட்டார். மறுபடியும் அதே பாடம். விழத்தட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. விழுந்தபின் வரும் பூட்டையும் அவிழ்க்கத் தெரிய வேண்டும்.

பூட்டும் பிரிவும்

“பூட்டு, அவிழ்ப்பு” என்றதும் நம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்திருக்கும். ஆம்! நம் அடிமுறையில் ‘பூட்டும் பிரிவும்’ என்றே ஒரு பாடம் உண்டு. எதிரியின் கையை மடக்கிப் பிணைப்பது பூட்டு. அந்தப் பிணைப்பிலிருந்து தப்புவது பிரிவு. பூட்டைக் கற்பிக்கும் ஆசான் பிரிவையும் சேர்த்தே கற்பிப்பார்.

கலப்புச் சண்டை என்று உலகம் 1993-ல் பெயர் வைத்துப் பார்த்ததில், பாதிச் சரக்கு குமரி மாவட்டக் களரிகளில் பழைய சரக்கு. முதலில் ஒற்றைச் சுவடு. தனியாகக் கால் வைக்கப் பழக வேண்டும். பிறகு கூட்டச் சுவடு; அடிக்கும் தடைக்கும் சேர்ந்து பழக வேண்டும். அதன்பின் பூட்டும் பிரிவும். கைச் சண்டையோடு கம்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது கணக்கு. மாணவனின் குணத்தை வருஷக் கணக்கில் பார்த்த பிறகே அதை ஆசான் சொல்லிக்கொடுப்பார். அப்போதும் அடியோடு நிற்கமாட்டார். அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்.

அடிமுறை தெரிந்தவன் நாளைக்கே கூண்டில் ஜெயித்துவிடுவான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒலிம்பிக் வீரரான புல்லருக்கே ஏழு வருஷம் ஆயிற்று. மெத்தையில் தினம் தினம், எதிர்த்துத் திமிறுகிற ஆளோடு புரண்டு பழகாதவனின் பூட்டு, உண்மைச் சண்டையில் பிடிக்காது. ஆனால் படிப்படியாகக் கற்க வேண்டும், ஒன்றை முழுசாகக் கற்றபின் அடுத்ததைத் தொட வேண்டும் என்ற நம் ஆசான்களின் முறையைத்தான் புல்லரின் வெற்றியும் சொல்கிறது.

பையனுக்கும் பெரியவருக்கும்

மண்டைக்காட்டுப் பையனுக்கு ஒரு வார்த்தை. உன்னிடம் முதல் இல்லாமல் இல்லை. கபடியில் ஓடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிறாயே, தொடையைக் கட்டி நிறுத்துகிறாயே, மல்லன் பாய்ந்து பிடிப்பதும் அதே இடங்களைத்தான். மணல் ஓட்டமும், கரமடிக் கயிறும், பனை ஏறிய கையும் விலை கொடுத்து வாங்க முடியாத பயிற்சி. ஆனால் புல்லர் கூண்டுக்கு வந்தபோது அவரிடம் பல்கலைக்கழகப் படிப்பு இருந்தது. காமன்வெல்த் தங்கம் இருந்தது. ஒலிம்பிக் அனுபவம் இருந்தது. கூண்டு கைவிட்டாலும் நிற்பதற்கு அவருக்கு ஒரு தரை இருந்தது. முதலில் அந்தத் தரையைத் தேடிக்கொள். மல்யுத்தமோ, ஜூடோவோ, குத்துச் சண்டையோ, கபடியோ, ஒன்றில் மாவட்டத்தைத் தாண்டு, மாநிலத்தைத் தாண்டு. கூண்டு எங்கேயும் ஓடிவிடாது.

பெரியவருக்கும் ஒரு வார்த்தை. இது வெறும் ரவுடிச் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2026-ம் ஆண்டு ஜப்பானின் நகோயாவில் நடத்தத் திட்டமிட்ட ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கலப்புச் சண்டையையும் சேர்ப்பது என்று 2025-ம் ஆண்டில் முடிவு செய்தார்கள். தேசத்துக்காகப் பதக்கம் வெல்லும் வழியாக அது மாறத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் உங்கள் பயம் வீண் பயம் அல்ல. தலையில் விழும் குத்து பட்டத்தோடு வந்தாலும் குத்துதான். அதன் விலை பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆகவே பையன் எங்கே பழகுகிறான், யாரிடம் பழகுகிறான், அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு தருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். “போகாதே” என்று மட்டும் சொன்னால் செல்பேசி சொல்லுவதைத்தான் அவன் கேட்பான்.

மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக் கடற்கரையில் கூடுகிற கூட்டத்தில், பகவதியைக் கும்பிட்டுவிட்டு மணலில் பிடி போட்டு விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவன் ஒரு நாள் வெளிநாட்டு மேடையில் நிற்க மாட்டான் என்று யார் சொல்ல முடியும்? நிற்கட்டும். விழத்தட்டும் பிடியோடு, விழுந்தால் எழுந்திருக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டு நிற்கட்டும்.